கண்ணீருக்கு விலை உண்டா?
வழக்கறிஞரின் கவனக்குறைவும் கட்சிக்காரரின் மனவேதனையும்



தோட்டத்து வாழ்க்கையில் வழக்கறிஞர் அலுவலகத்தின் படியேறுவது எளிதில் நடக்கும் காரியம் அன்று. வேலைக்குப் போன வழியில் லாரி மோதிக் குடும்பத் தலைவர் இறந்து போயிருப்பார். அல்லது கணவன் மனைவிக்குள் தீராத பிணக்கு ஏற்பட்டிருக்கும். அல்லது பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய நிலத்தின் பெயரில் சிக்கல் வந்திருக்கும். வேறு வழி இல்லாதபோதுதான் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் பட்டணம் போகிறோம். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகையை வைக்கிறார்கள். “இனிமேல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போய் வாருங்கள்” என்ற சொல்லை நம்பி வீடு திரும்புகிறோம்.

அந்தக் கோப்பு ஓர் அலமாரியில் கிடந்து, வழக்குப் போட வேண்டிய காலம் கடந்து போனால் என்ன ஆகும்? பணம் போய்விட்டது என்பது ஒரு பக்கம். இரவில் தூக்கம் இல்லை, அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்க முடியவில்லை, நம்பிக் கெட்டோமே என்ற ஏக்கம் நெஞ்சை அரிக்கிறது என்பது மறுபக்கம். போன பணத்திற்கு வழக்கறிஞர் பொறுப்பு என்றால், போன நிம்மதிக்கும் அவர் பொறுப்பாவாரா? இந்தக் கேள்விக்கு நீதிமன்றங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். பெரும்பாலும் இங்கிலாந்தின் வழக்குகளையே சொல்லப் போகிறோம். ஏனென்றால் நம் நாட்டுச் சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையே இருப்பது ஓர் ஒப்பந்தம். நாம் கட்டணம் கொடுக்கிறோம். அவர் தம் தொழிலில் திறமையுள்ள ஒருவர் காட்டக்கூடிய கவனத்தைக் காட்டி வேலை செய்ய வேண்டும். வழக்கில் வெற்றி பெற்றே தருவேன் என்று அவர் உறுதி கொடுப்பதில்லை. தோற்றுப் போனதாலேயே அவர் தவறு செய்தவர் ஆகிவிடமாட்டார். ஆனால் மனுவைக் குறித்த நாளுக்குள் பதிவு செய்யாமல் விட்டால், பத்திரத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடச் சொன்னால், அது கவனக்குறைவு. அதற்கு அவர் ஈடு சொல்ல வேண்டும். எவ்வளவு ஈடு, எதற்கெல்லாம் ஈடு என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

ஒப்பந்தத்தை மீறியவர் எதற்கெல்லாம் பொறுப்பு என்ற விதி 1854-ஆம் ஆண்டில் ஒரு மாவு மில்லிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தில் குளோஸ்டர் என்னும் ஊரில் இருந்த அந்த மில்லின் இயந்திரத் தண்டு உடைந்துவிட்டது. புதிய தண்டு செய்ய மாதிரியாக அந்த உடைந்த தண்டை வேறோர் ஊருக்கு அனுப்பினார்கள். கொண்டு போனவர்கள் தாமதம் செய்தார்கள். மில் பல நாள் ஓடவில்லை. அந்த நாட்களின் லாபத்தை மில்காரர்கள் கேட்டார்கள். ‘ஹாட்லி எதிர் பாக்ஸெண்டேல்’ என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் ஓர் அளவுகோலை வகுத்தது. ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக விளையக்கூடிய நட்டம், அல்லது ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பாரும் எதிர்பார்த்திருக்கக் கூடிய நட்டம், இவ்விரண்டுக்கு மட்டுமே ஈடு உண்டு என்பதே அந்த அளவுகோல்.

இந்த விதி இந்தியாவின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இடம் பெற்றது. அதே இந்தியச் சட்டத்தை ஒட்டியே மலாயாவின் ஒப்பந்தச் சட்டம் எழுதப்பட்டது. இன்றைய மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆம் பிரிவைப் புரட்டினால் அந்த மில்காரர் வழக்கின் சாரத்தை அங்கே காணலாம். நம் முன்னோர் கப்பலேறி வந்தது போலவே இந்தச் சட்டமும் அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

மில் நின்றதால் வந்த லாப நட்டத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். மனம் நொந்ததை எந்தப் படியால் அளப்பது? இதற்கு 1909-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை கடுமையான விடை ஒன்றைக் கொடுத்தது. கிராமபோன் கம்பெனி ஒன்றின் மேலாளராகக் கல்கத்தாவில் வேலை பார்த்தவரைக் கம்பெனி திடீரென்று விலக்கியது. ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியவர்கள், உடனடியாக வேறு ஒருவரை அவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கல்கத்தாவில் அவருக்கு நேர்ந்த அவமானம் பெரிது. ஆனால் சம்பளமும் கமிஷனும் மட்டுமே அவருக்குச் சேரும், விலக்கிய விதம் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் புண்பட்ட மனத்திற்குக் காசு கிடையாது என்று சபை தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் என்பது பணக் கணக்கு; அதில் கண்ணீருக்கு இடமில்லை என்பது பொது விதியாகிவிட்டது.

இந்த விதி 1938-ஆம் ஆண்டில் வழக்கறிஞர்கள் பக்கமும் வந்து நின்றது. கார் விபத்து ஒன்றில் எதிரே வந்த லாரிக்காரர்மேல்தான் முழுத் தவறும். ஆனால் காருக்குரியவரின் இன்சூரன்ஸ் கம்பெனி மற்றொரு கம்பெனியோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, கம்பெனி அமர்த்திய வழக்கறிஞர்கள் தங்கள் கட்சிக்காரர் பக்கத்திலேதான் தவறு என்று ஒப்புக்கொண்டு எழுதிவிட்டார்கள். அவரைக் கேட்கவே இல்லை! செய்யாத குற்றத்தைச் செய்ததாகத் தன் வழக்கறிஞரே ஒப்புக்கொண்டால் மனம் என்ன பாடுபடும்? அவர் வழக்குப் போட்டார். ‘குரூம் எதிர் குரோக்கர்’ என்று பெயர் பெற்ற அந்த வழக்கில், வழக்கறிஞர்கள் கடமை தவறினார்கள் என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பணநட்டம் எதுவும் இல்லாததால் பெயரளவுக்குச் சிறு தொகைதான் கொடுத்தது. புண்பட்ட மனத்துக்கு ஒன்றுமில்லை.

நேயர்களே, இனி நாம் பார்க்கப் போகும் வழக்கு நம் குடும்பங்களுக்கு மிகவும் நெருக்கமானது. இது கணவனை இழந்த ஒரு பெண்ணின் கதை.

1945-ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தின் விமானப்படையில் இருந்த ஒருவர் தம் வீட்டுச் சமையலறையில் மின்சாரம் தாக்கி இறந்து போனார். மின்சாரக் கம்பெனியின் வேலையில் குறை இருந்ததாகத் தோன்றியது. அந்த விதவை விமானப்படையினர் சங்கத்தை நாடினார். சங்கம் அவரை வழக்கறிஞர்களிடம் அனுப்பியது. அந்நாளில் இப்படிப்பட்ட வழக்கை இறப்பு நேர்ந்த 12 மாதத்திற்குள் தொடுத்தாக வேண்டும். வழக்கறிஞர்கள் செய்ய வேண்டிய விசாரணையைச் செய்யவில்லை. பன்னிரண்டு மாதமும் ஓடிப் போயிற்று. பின்னர் மின்சாரக் கம்பெனி இரக்கப்பட்டு 100 பவுன் கொடுத்தது. அந்தப் பணம் யாரிடமிருந்து வந்தது என்பதுகூட அந்த அம்மாளிடம் சொல்லப்படவில்லை. கம்பெனியிடமிருந்து வந்தது என்று தெரிந்திருந்தால், ‘ஏன் கொடுக்கிறார்கள்?’ என்று அவர் கேட்டிருப்பார் அல்லவா?

பல ஆண்டுகளுக்குப் பிறகு உண்மை தெரிய வந்து, அந்த அம்மாள் தம் பழைய வழக்கறிஞர்கள்மீது வழக்குத் தொடுத்தார். 1958-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர்கள் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? அந்த வழக்கைப் போட்டிருந்தாலும் வெற்றி நிச்சயமில்லை; ஆகவே எங்களால் அவருக்கு நட்டமில்லை என்றது. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வழக்குத் தொடுக்கும் வாய்ப்பே ஒரு சொத்து. அந்த வாய்ப்பு அடியோடு வெறுமையானதாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் உண்மையான வாய்ப்பு ஒன்று இருந்திருந்தால், அதற்கு ஒரு மதிப்பைப் போட்டுத் தர வேண்டும் என்றது. முழு வெற்றி பெற்றிருந்தால் 3,000 பவுன் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டு, அதில் மூன்றில் இரண்டு பங்காக 2,000 பவுன் கொடுத்தது.

இந்தத் தீர்ப்பு பெரிய தீர்ப்பு. வழக்கறிஞரின் தாமதத்தால் வழக்கு செத்துப் போனால், செத்துப் போன வழக்குக்கும் மதிப்பு உண்டு என்பதை அது நிலைநாட்டியது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 2,000 பவுன், கணவனின் வருமானத்தை இழந்ததற்கான கணக்கு. கணவனைப் பறிகொடுத்த பிறகு நியாயத்தையும் பறிகொடுத்தோமே என்று அந்த அம்மாள் அழுத அழுகைக்கு அதில் ஒரு பென்னிகூட இல்லை.

பிறகு 1967-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் ‘குக் எதிர் ஸ்வின்ஃபென்’ என்ற வழக்கு வெளிவந்தது. விவாகரத்து வழக்கில் ஒரு பெண்ணின் வழக்கறிஞர் கவனக்குறைவாக நடந்ததால், அவர் தரப்பு எடுத்துச் சொல்லப்படாமலேயே போயிற்று. ஜீவனாம்சம் கேட்கும் நிலையும் பாதிக்கப்பட்டது. அந்தக் கவலையில் அவருடைய நரம்புத் தளர்ச்சி நோயாகவே மாறியது. டென்னிங் பிரபு தலைமையிலான நீதிமன்றம், பணநட்டத்திற்கு ஈடு உண்டு என்றது. மன நோய்க்கு ஈடு கேட்டபோது மட்டும் கையை விரித்தது. வழக்கு என்றாலே கவலை இருக்கத்தான் செய்யும். அந்தக் கவலை முற்றி நோயாகும் என்பதை ஒரு வழக்கறிஞர் சாதாரணமாக எதிர்பார்க்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் ஒரு கதவைத் திறந்தும் வைத்தார்கள். அத்தகைய பாதிப்பு நேரும் என்பதை முன்கூட்டியே உணரக்கூடிய நிலை இருந்தால், ஈடு கொடுக்கலாம் என்றார்கள்.

அந்தக் கதவு விரைவிலேயே அகலத் திறந்தது. ஆனால் அதைத் திறந்தவை வழக்கறிஞர்களைப் பற்றிய வழக்குகள் அல்ல. ஒரு கல்யாணப் படமும் ஓர் உல்லாசப் பயணமுமே அவை!

1971-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாணத்திற்குப் படம் எடுக்க ஒப்புக்கொண்டவர் வரவே இல்லை. கல்யாண நாள் மீண்டும் வருமா? படம் இல்லாமற் போன மனக்குறைக்காக மணமகளுக்கு 30 பவுன் தரும்படி நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டு, 1972-இல், சுவிட்சர்லாந்துக்கு உல்லாசப் பயணம் போன ஒருவரின் வழக்கு வந்தது. விளம்பரத்தில் விருந்து, கூட்டம், கொண்டாட்டம் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். இரண்டாம் வாரத்தில் அந்த விடுதியில் இவர் ஒருவரைத் தவிர வேறு விருந்தினரே இல்லை. கீழ் நீதிமன்றம் கொடுத்தது 31 பவுன் சொச்சம். மேல்முறையீட்டில் டென்னிங் பிரபுவும் மற்ற நீதிபதிகளும் ஏமாற்றத்திற்கும் மனவருத்தத்திற்கும் சேர்த்து 125 பவுன் கொடுத்தார்கள். மகிழ்ச்சியைத் தருவதாகச் சொல்லித்தானே ஒப்பந்தமே செய்தார்கள்? அந்த மகிழ்ச்சியைத் தராவிட்டால் அதற்கு ஈடு கொடுப்பதுதானே முறை? வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயணம் போனவரே ஒரு வழக்கறிஞர்!

உல்லாசத்தை இழந்தவருக்கு ஈடு உண்டு என்றால், பயந்து பயந்து வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இல்லையா? இந்தக் கேள்வியைத்தான் 1976-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த ‘ஹேவுட் எதிர் வெல்லர்ஸ்’ வழக்கு எழுப்பியது.

ஓர் ஆடவன் அந்தப் பெண்ணை விடாமல் தொல்லை செய்து வந்தான். அவனைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று அந்தப் பெண் வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றை நாடினார். அங்கே அவருடைய காரியத்தைப் பார்த்தவர் தகுதி பெற்ற வழக்கறிஞர் அல்ல. அலுவலகத்து எழுத்தர் ஒருவர். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. நீதிமன்றத்தில் தற்காலிகத் தடையுத்தரவு கிடைத்தது. அவன் அதை மதிக்காமல் மறுபடியும் வந்தான். தடையுத்தரவை மீறியவனை உடனே நீதிபதியின் முன் நிறுத்தியிருக்க வேண்டும். வழக்கறிஞர் நிறுவனம் அதைச் செய்யத் தவறியது. அவன் மேலும் மூன்று நான்கு முறை வந்து தொல்லை கொடுத்தான். கையில் நீதிமன்றத்தின் தாள் இருந்தும் கதவு தட்டும் ஓசை கேட்டாலே நடுங்கும் நிலை அந்தப் பெண்ணுக்கு.

கடைசியில் அவர் அந்த நிறுவனத்தின்மீதே வழக்குத் தொடுத்தார். அதுவும் வேறு வழக்கறிஞர் எவரையும் வைத்துக்கொள்ளாமல், தாமே நின்று வாதாடினார். நீதிமன்றம் ஒரு நேர்மையான கேள்வியைக் கேட்டுக்கொண்டது: இந்தப் பெண் எதற்காக வழக்கறிஞரிடம் போனார்? பணத்துக்காகவா? இல்லை. தொல்லையிலிருந்து விடுதலை பெற, நிம்மதி பெறப் போனார். அந்த நிம்மதியைத் தேடித் தருவதுதான் அந்த ஒப்பந்தத்தின் பொருள். அதைத் தராததால் ஏற்பட்ட மனவேதனை தொலைவில் நடந்த விளைவல்ல. நேரடியாக விளைந்த நட்டமே அது. ஆகவே அவருடைய மனத்துயருக்காக 125 பவுன் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவர் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்க வழி பிறந்தது.

தொகை சிறிதுதான். ஆனால் வழக்கறிஞரின் கவனக்குறைவால் வந்த மனவேதனைக்கு நீதிமன்றம் ஈடு கொடுத்த முக்கியமான வழக்கு இது. சாதாரணப் பெண்மணி ஒருவர் தனியாக நின்று பெற்ற வெற்றி என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

அப்படியானால் அன்று முதல் எல்லாருக்கும் மனவேதனைக்கு ஈடு கிடைத்ததா? இல்லை. நீதிமன்றம் விரைவிலேயே எல்லைக்கோடு போட்டது. 1988-ஆம் ஆண்டில் ஒரு கணவன் மனைவியின் வழக்கு வந்தது. கார் பழுதுபார்க்கும் தொழிலுக்காக அவர்கள் ஓர் இடம் வாங்கினார்கள். பின்புறம் வண்டி வந்து போகப் பாதை உரிமை உண்டு என்று அவர்களுடைய வழக்கறிஞர்கள் சொன்னார்கள். உண்மையில் அந்த உரிமை இல்லை. தொழில் நொடித்தது, கடன் கழுத்தை நெரித்தது. கீழ் நீதிபதி பணநட்டத்தோடு, மனவேதனைக்காக ஆளுக்கு 1,500 பவுன் சேர்த்துக் கொடுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 1,500 பவுனை மட்டும் எடுத்துவிட்டது. அவர்கள் வழக்கறிஞரிடம் போனது தொழிலுக்காக, நிம்மதிக்காக அல்ல என்றது.

இது நியாயமா? நீங்களே எண்ணிப் பாருங்கள். தொழில் நொடித்த குடும்பத்தின் தூக்கமின்மை, மற்றவரின் தூக்கமின்மையைவிடக் குறைந்ததா? வேதனை எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நம் நெஞ்சம் சொல்கிறது. நீதிமன்றத்தின் காரணங்களையும் நாம் கேட்க வேண்டும். மனவேதனைக்கு அளவுகோல் இல்லை, பொய்யாகவும் சொல்லலாம், ஒவ்வொரு வழக்கிலும் இதைச் சேர்த்தால் வழக்குகள் பெருகும், வழக்கறிஞர்களின் இன்சூரன்ஸ் செலவு ஏறும், அந்தச் செலவு கடைசியில் கட்டணமாக ஏழைக் கட்சிக்காரரின் தலையிலேயே விழும். இவை அடியோடு தள்ளக்கூடிய காரணங்கள் அல்ல. ஆனாலும், நொந்தவருக்கு இவை ஆறுதல் தரும் காரணங்களும் அல்ல.

எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் எது வரும் என்பதற்கு 2003-ஆம் ஆண்டு இலண்டனில் தீர்ந்த வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. கணவன் தன் இரட்டைப் பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கொண்டு போய்விடுவான் என்று ஒரு தாய் அஞ்சினார். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கக் கூடாது என்று அவருடைய வழக்கறிஞர்கள் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எழுதினார்கள். அந்த அறிவிப்பைக் காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் புதுப்பிக்கத் தவறினார்கள். தகப்பன் பிள்ளைகளைத் துனீசியாவுக்குக் கொண்டு போய்விட்டான். தாயின் வேதனைக்காக நீதிபதி 20,000 பவுன் தரச் சொன்னார். பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளவே அந்தத் தாய் வழக்கறிஞரிடம் போனார். அந்த மனநிறைவே ஒப்பந்தத்தின் முக்கியப் பொருள் என்பது தீர்ப்பின் அடிப்படை.

சுதந்திரமும் இப்படித்தான். வழக்கறிஞரின் தவறால் குற்றமற்றவர் குற்றவாளியாகிவிட்டால் என்ன செய்வது? 1993-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஒருவருக்கு மனவேதனைக்கான ஈடு கிடைத்தது. அமெரிக்காவில் நிலைமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் 1989-ஆம் ஆண்டில் தவறாகச் சிறை சென்ற ஒருவர் தம் வழக்கறிஞரிடமிருந்து மனவேதனைக்கு ஈடு பெறலாம் என்று தீர்ப்பு வந்தது; ஆனால் அவருடைய பிள்ளைகளின் வேதனைக்கு ஈடு கிடைக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமோ 2012-ஆம் ஆண்டில், குற்ற வழக்கில் சிறை சென்றவர்கூடப் பணநட்டத்திற்கு மட்டுமே வழக்கறிஞரிடம் ஈடு கேட்கலாம் என்று முடிவு செய்தது. ஆக, உலகம் இதில் இன்னும் ஒருமனப்படவில்லை.

இந்த வரலாற்றில் இன்னொரு கிளை உண்டு. இங்கிலாந்தில் வழக்கறிஞர்கள் இரு வகையினர். கட்சிக்காரரைப் பார்த்துக் காகித வேலைகளைச் செய்பவர் சொலிசிட்டர். நீதிமன்றத்தில் வாதாடுபவர் பாரிஸ்டர். வாதாடும்போது செய்த தவறுக்காகப் பாரிஸ்டர்மீது வழக்குப் போட முடியாது என்று பிரபுக்கள் சபை 1967-ஆம் ஆண்டில் உறுதி செய்தது. நம் நாட்டில் இரண்டு வேலையையும் ஒருவரே பார்க்கிறார். எனவே அந்தப் பாதுகாப்பு இங்கே உண்டா என்ற கேள்வி எழுந்தது. மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம் 1968-ஆம் ஆண்டு அறிக்கையில் வெளிவந்த ‘மிராண்டா எதிர் கூ யூ பூன்’ வழக்கில், நம் வழக்கறிஞர்களை இங்கிலாந்துப் பாரிஸ்டர்களோடு ஒப்பிட முடியாது; கவனக்குறைவுக்காக அவர்கள்மீது வழக்குத் தொடுக்கலாம் என்று கூறியது. இங்கிலாந்து அந்தப் பாதுகாப்பை எடுத்தெறிந்தது 2000-ஆம் ஆண்டில்தான். இந்த ஒரு விஷயத்தில் நம் நாடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்திக்கொண்டது என்று நாம் பெருமைப்படலாம்.

சரி, இந்த வரலாற்றிலிருந்து நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

முதலாவது, காலம். தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்த மீறலுக்கும் கவனக்குறைவுக்கும் பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆனால் குடும்பத் தலைவர் விபத்தில் இறந்தால், அவரை நம்பியிருந்தவர்கள் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் கீழ்த் தொடுக்கும் வழக்குக்கு இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே உண்டு. துக்கத்திலேயே ஒரு வருடம் ஓடிவிடும். ஆகவே கருமாதி முடிந்த கையோடு ஆலோசனை கேட்பது பாவமல்ல. பிள்ளைகளுக்குச் செய்யும் கடமை. அதே சட்டத்தில் 1984-ஆம் ஆண்டு செய்த திருத்தம், மரணத்தால் வந்த துயருக்கென்றே 10,000 வெள்ளி என்று ஒரு தொகையை நிர்ணயித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 30,000 வெள்ளியாக உயர்த்தியது. கண்ணீருக்கு விலை போட முடியாது என்று தயங்கிய சட்டம், இந்த ஓர் இடத்தில் துணிந்து போட்டிருக்கிறது. ஆனால் காலம் கடந்தால் அதுவும் இல்லை.

இரண்டாவது, நாம் எதற்காக வந்திருக்கிறோம் என்பதை வழக்கறிஞரிடம் முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். முடிந்தால் எழுதியும் கொடுக்க வேண்டும். ஏன் என்கிறீர்களா? நாம் பார்த்த எல்லா வழக்குகளும் அந்தக் கேள்வியிலேயே திரும்பின. எதற்காகப் போனார்? வழக்கறிஞருக்கு என்ன தெரிந்திருந்தது? “என் பிள்ளைகளைக் கொண்டு போய்விடுவார் என்று பயப்படுகிறேன்” என்ற ஒரு வரி கோப்பில் இருந்தால், பின்னாளில் அந்த ஒரு வரியே சாட்சி.

மூன்றாவது, கட்டிய பணத்திற்கு ரசீதும் கையெழுத்திட்ட தாள்களுக்குப் பிரதியும் கேட்டு வாங்குங்கள். நம் காரியத்தைப் பார்ப்பவர் வழக்கறிஞரா, அலுவலக எழுத்தரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வழக்குப் பதிவாகிவிட்டதா, வழக்கு எண் என்ன என்று விசாரியுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள்.

நான்காவது, முறையிட வேண்டிய இடங்கள் வேறு வேறு. வழக்கறிஞரின் தீய நடத்தையை விசாரிக்க மலேசியாவில் வழக்கறிஞர்கள் ஒழுங்கு வாரியம் இருக்கிறது. அது தண்டிக்கலாம். ஆனால் கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு ஈடு வேண்டுமானால் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். வசதி இல்லாதவர்களுக்காக 1970-ஆம் ஆண்டில் அரசாங்கம் சட்ட உதவிப் பிரிவைத் தொடங்கியது. இன்று அது சட்ட உதவித் துறையாக இயங்குகிறது. சிங்கப்பூரில் 1958-ஆம் ஆண்டிலேயே அத்தகைய அலுவலகம் ஏற்பட்டது. எந்தெந்த வழக்குக்கு அங்கே உதவி கிடைக்கும் என்பதை நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நேயர்களே, நாம் வழக்கறிஞர்களைக் குறை கூற இங்கே வரவில்லை. கட்டணம் வாங்காமல் ஏழைகளுக்காக வாதாடியவர்களையும் நாம் அறிவோம். ஆனால் நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் கவனமும் இருக்க வேண்டும். சமையலறையில் கணவனை இழந்த அந்த அம்மாளுக்கும், கதவு தட்டும் ஓசைக்கு நடுங்கிய அந்தப் பெண்ணுக்கும் இடையே இருபது ஆண்டுகூட இல்லை. முதலாமவரின் கண்ணீரைச் சட்டம் பார்க்கவில்லை. இரண்டாமவரின் கண்ணீரைப் பார்த்தது. இடையிலே மாறியது மனித வேதனை அல்ல. அதை நீதிமன்றத்தில் சொல்லத் துணிந்தவர்களும், அதைக் கேட்க முன்வந்த நீதிபதிகளுமே அந்த மாற்றத்தைக் கொண்டு வந்தார்கள்.

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய தாள்களை இன்று மாலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காலம் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.